தாடைக்குள் ஒரு பேரீச்சம்பழம்

கீழக்கரையில் யாருக்குக் கன்னம் வீங்கினாலும் முதல் தீர்ப்பு பொன்னுக்கு வீங்கிதான். எனக்கு அப்போது 28 வயது. சென்னை மண்ணடியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்கு வந்த மறுநாள் காலை, வலது தாடையின் மூலை தடித்துக் கிடந்தது. உம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தன் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்து என் கழுத்தில் போட்டார். "மூணு நாளைக்குக் கழட்டாதே." மீசை வைத்த ஆள், மூன்று பவுன் சங்கிலியோடு உட்கார்ந்து பெருநாள் பிரியாணியை இடது பக்கமாக மென்றுகொண்டிருந்தேன். ராத்தாவின் பிள்ளைகள் வந்து, மாமாவுக்குக் கல்யாணமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் வீக்கம் வற்றியது. உம்மாவுக்கு வெற்றி. ஆனால் கடைவாயின் பின்னாலிருந்து ஒரு உவர்ப்பு கசிந்து நாக்கில் பட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சுவை எனக்குப் புதிதில்லை. இரண்டு வருஷமாக வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

மண்ணடியில் இருந்தபோது அதற்காக ஒரு பல் டாக்டரிடம் போயிருக்கிறேன். ஞானப்பல் வர இடமில்லாமல் முட்டுகிறது, அதனால் சீழ் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டால் சரியாகும், சில மாதம் கழித்து மறுபடி வரும். மூன்று முறை இப்படி ஆனது. நான்காவது முறை கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு புள்ளிச் சொத்தை இல்லை. எக்ஸ்ரே எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று நானும் கேட்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பல்லை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரும். அது நல்ல பல்.

பெருநாள் முடிந்த வாரம் ராத்தாதான் என்னை ராமநாதபுரத்துக்கு இழுத்துப் போனாள். திருப்புல்லாணி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, கூட்டமில்லாத ஒரு பல் மருத்துவமனையில் இறங்கினோம். சின்ன வயசுப் பெண் டாக்டர். வாயைத் திறந்து பார்த்த ஐந்தாவது நிமிஷம் "ஓபிஜி எடுத்துடலாம்" என்றார். நிற்க வைத்து, முன்பல்லால் ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கடிக்கச் சொல்லி, எந்திரம் தலையைச் சுற்றி ஒரு வலம் வந்தது. அவ்வளவுதான். இரண்டு தாடையும் எல்லாப் பல்லும் ஒரே படத்தில் லாடத்தை விரித்து வைத்ததுபோல வந்து நின்றன.

படம் பார்க்கத் தெரியாதவனுக்கும் அது தெரிந்தது. பல் இருக்கும் இடம் வெள்ளை, எலும்பு சாம்பல். வலது மூலையில் மட்டும், பிடுங்கிய பல்லின் இடத்துக்குப் பின்னாலிருந்து காதை நோக்கி மேலேறும் எலும்புக்குள் ஒரு கறுப்பு. நீளவாக்கில், ஒரு பேரீச்சம்பழம் அளவு. அதன் அடியில் என் ஞானப்பல், நங்கூரம் மாதிரி சாய்ந்து கிடந்தது.

"கேன்சரா டாக்டர்?" ராத்தா முந்திக்கொண்டாள்.

"அப்படித் தெரியலக்கா. ஆனா பேரு என்னன்னு படத்தை வச்சு மட்டும் சொல்ல முடியாது. இதே மாதிரி படம் மூணு நாலு நோய்க்கு வரும். பேரைப் பொறுத்துத்தான் வைத்தியம்."

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான்: கட்டி. கட்டி என்று யாராவது சொன்னதும் கேட்பவர் மனசு இரண்டில் ஒரு பக்கம் ஓடும். ஒன்று, கேன்சர் என்று ஒப்பாரிக்குத் தயாராகும். இல்லை, வலிக்கவில்லையே என்று அப்படியே விட்டுவிடும். தாடைக்குள் வருகிற பெரும்பாலான கட்டிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவை என்பதை நான் 28 வயதில்தான் தெரிந்துகொண்டேன். அதைவிட ஆச்சரியம், அவை எங்கிருந்து வருகின்றன என்பது. பல்லைச் செய்த செல்களிலிருந்தே வருகின்றன.

கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க ஒரு சுறாத் தாடை போதும். சின்ன வயதில் கரையில் சுறா அறுக்கும்போது பக்கத்தில் போய்க் குந்தியிருப்போம். வெளியே தெரிகிற பல் வரிசைக்குப் பின்னால், ஈறுக்குள் மடங்கியபடி இன்னொரு வரிசை. அதற்கும் பின்னால் இன்னொன்று. முன்வரிசையில் ஒரு பல் விழுந்தால் பின்னால் இருப்பது நகர்ந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுறாவுக்குச் சாகும்வரை பல் பட்டறை மூடுவதில்லை. நமக்கும் அதே மாதிரி ஒரு பட்டறை உண்டு. தாய் வயிற்றில் ஆறாவது வாரம் வாக்கில், சின்ன விரல்நகம்கூட இல்லாத அந்தக் கருவின் வாய்த்தோல் ஒரு கீற்றாகத் தடித்து உள்ளே இறங்குகிறது. அதிலிருந்துதான் மொட்டு மொட்டாகப் பற்கள் உருவாகின்றன. பால்பல் 20, நிரந்தரப் பல் 32. அதோடு நம் பட்டறை மூடிவிடும். எனாமல் பூசிய செல்கள் பல் வெளியே வரும்போது அழிந்துபோகும். அதனால்தான் தேய்ந்த எனாமல் திரும்ப வளர்வதில்லை. உடம்பிலேயே ஆகக் கடினமான பொருளைச் செய்துவிட்டு, அதைச் செய்தவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

எல்லோரும் போய்விடுவதில்லை, அங்கேதான் சிக்கல். கீற்றின் துணுக்குகள் ஈறுக்குள்ளும் எலும்புக்குள்ளும் தங்கிவிடுகின்றன. பல்வேரை வடிவமைத்த உறையின் மிச்சங்கள் வேரைச் சுற்றித் தீவுகளாக நிற்கின்றன. 1885ல் மலாசே என்ற பிரெஞ்சுக்காரர் இந்தத் தீவுகளைப் பற்றி விரிவாக எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். உங்கள் வாயிலும் இருக்கின்றன, என் வாயிலும் இருக்கின்றன. பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

உம்மாவின் வாப்பா சங்கு குளித்தவர். இளவயதில் முத்துக் குளிக்கவும் தூத்துக்குடிப் பக்கம் போயிருக்கிறார். மன்னார் வளைகுடாவில் அரசாங்கம் நடத்திய முத்துக் குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. அதற்கு முந்திய சில வருஷங்கள் அவர் பார்களில், அதாவது சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுகளில், இறங்கியவர். மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று எங்களுக்குக் கதை சொல்வார். அவர் அதை நம்பினாரா, பிள்ளைகளுக்காகச் சொன்னாரா என்று தெரியாது. உண்மைக் கதை அதைவிட நன்றாக இருக்கிறது. சிப்பி ஓட்டின் உட்புறத்தைப் பளபளவென்று பூசுவது ஒரு மெல்லிய சதை மடிப்பு. அந்த மடிப்பின் செல்கள் ஒரு காயத்தாலோ புழுவாலோ இடம் மாறிச் சதைக்குள் சிக்கிக்கொண்டால், அங்கேயே பெருகி ஒரு குட்டிப் பையாகும். பையாகிய பிறகும் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்யும். உள்ளுக்குள்ளே பூசிக்கொண்டே இருக்கும். பூசப் பூச முத்து. 1973ல் தூத்துக்குடிப் பக்கத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் செயற்கையாக முத்து வளர்த்ததும் இந்த வழியில்தான். ஒரு சிப்பியின் சதை மடிப்பில் ஒரு துண்டை நறுக்கி, ஒரு மணியோடு சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் வைத்தார்கள். துண்டு மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்தது.

என் தாடையில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். முத்து மட்டும் இல்லை.

எலும்புக்குள் சிக்கிய பல் செல்கள் எதனால் விழிக்கின்றன என்பதைப் பொறுத்து வகை மாறும். ஆக அதிகமாக வருவது சொத்தைப் பல்லால் வருவது. சொத்தை உள்ளே இறங்கிப் பல்லின் உயிர் செத்து, வேர் நுனியில் புண்ணாகும்போது மலாசேயின் தீவுகள் தூண்டப்பட்டுப் பெருகும். நடுவில் இருக்கும் செல்களுக்குச் சத்து எட்டாமல் அழிந்து நீராகும். அந்த நீர் சுற்றிலுமிருந்து இன்னும் நீரை இழுக்கும். பை ஊதி எலும்பைக் கரைத்துக்கொண்டு பெருக்கும். எலும்பு முட்டை ஓடு போலச் சன்னமாகிவிட்டால் விரலால் அழுத்தும்போது நொறுநொறுவென்கும். சின்னதாக இருந்தால் ரூட் கேனால் மட்டும் செய்தே ஆறிவிடுவதுண்டு. அடுத்தது, வெளியே வராமல் புதைந்து கிடக்கும் பல்லின் தலையைச் சுற்றி வருவது. ஞானப்பல்லும் மேல் கோரைப்பல்லும் அதற்குத் தோதான இடங்கள். பிள்ளைக்கு ஒரு பல் விழுந்து, அந்த இடத்தில் புதுப்பல் வெகுநாளாக வராமல் இருந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்று நான் ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவது இதனால்தான்.

என்னுடையது மூன்றாவது வகை. மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே தாடை அறுவை மருத்துவர் ஊசி போட்டு மரக்கவைத்து, இன்னொரு ஊசியால் உள்ளே இருப்பதை இழுத்தார். மஞ்சள் நீராக வந்தால் சாதாரண வகையாக இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். வந்தது வெள்ளையாக, கெட்டித் தயிர் மாதிரி. அவர் முகம் லேசாக மாறியதை நான் பார்த்தேன். பிறகு ஒரு துணுக்கை வெட்டி பயாப்ஸிக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி உள்ளங்கையை உற்றுப் பார்த்தார். ராத்தா என் காதில், "ரேகை பாக்குறாரோ?" என்றாள். அப்புறம் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே. குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா, தோலில் கட்டிகள் வருமா என்று கேள்விகள். காரணத்தைப் பிறகு சொன்னார். இந்த வகை நீர்க்கட்டி சிலருக்குப் பிறவியிலேயே மரபணுக் கோளாறோடு வரும். 1960ல் கோர்லின், கோல்ட்ஸ் என்ற இருவர் அதை விவரித்தார்கள். அந்தக் கோளாறு உள்ளவர்களுக்குத் தாடையில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் வரும், உள்ளங்கையில் ஊசி குத்தியது போலக் குழிகள் இருக்கும், விலா எலும்பு கிளை பிரிந்திருக்கும், தோல் கேன்சருக்கும் வாய்ப்பு அதிகம். எனக்கு அதெல்லாம் இல்லை. ஒற்றைக் கட்டி.

பெயர் கெரட்டோசிஸ்ட். பல் கீற்றின் மிச்சத்திலிருந்து வருவது. உள்ளே இருந்த தயிர் என்பது கெரட்டின், அதாவது தோலிலும் நகத்திலும் இருக்கிற அதே சரக்கு. பையின் உள்தோல் ஆறு முதல் எட்டு அடுக்குச் செல்கள் மட்டுமே. அவ்வளவு மெல்லிசு. எடுக்கும்போது கிழியும், கிழிந்த துணுக்கு எலும்பில் ஒட்டிக்கொண்டால் திரும்ப வரும். சுவருக்குள்ளேயே குட்டிப் பைகளும் இருக்கும். இன்னொரு கள்ளத்தனமும் உண்டு. மற்றவை எலும்பை வெளிப்பக்கம் ஊதவைத்துக் காட்டிக்கொடுக்கும். இது எலும்பின் உள்சோற்றிலேயே நீளவாக்கில் ஊர்ந்து போகும். முகத்தில் ஒன்றும் தெரியாது. கிருமி தொற்றிச் சீழ் பிடித்தால்தான் வெளியே வீங்கும். உம்மாவின் சங்கிலி குணப்படுத்தியது அந்தச் சீழைத்தான்.

இது நீர்க்கட்டியா, புதுவளர்ச்சியா என்பதில் டாக்டர்களுக்கே சண்டை. 1956ல் பிலிப்சன் பெயர் வைத்தபோது இது நீர்க்கட்டி. திரும்பத் திரும்ப வருகிறது, மரபணு மாற்றமும் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2005ல் இதைப் புதுவளர்ச்சிப் பட்டியலில் சேர்த்தது. 2017ல் மறுபடி நீர்க்கட்டிக்கே திருப்பி அனுப்பிவிட்டது. ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது மாதிரி. எனக்கு வந்த சமயத்தைப் பொறுத்து எனக்கு ட்யூமர் என்றோ இல்லை என்றோ சொல்லியிருப்பார்கள். தாடை என்னவோ அதே தாடைதான்.

உடனே வெட்டி எடுக்கவில்லை. ஓட்டை பெரிது, எலும்பு சன்னம், கீழுதட்டுக்குப் போகும் நரம்பு அதன் அடியை ஒட்டி ஓடுகிறது. அதனால் முதலில் பைக்கு ஒரு வாசல் வைத்து, சின்னக் குழாய் ஒன்றைச் செருகித் தைத்துவிட்டார்கள். ஜெர்மனியின் பார்ட்ஷ் 1892லேயே சொன்ன உத்தியின் வழிவந்தது. நீரை ஒரு தடவை இறக்கிவிட்டால் பை மறுபடி நிரம்பும். வாசல் திறந்தே இருந்தால் உள்ளே அழுத்தம் சேராது, பை மெல்லச் சுருங்கும், விட்ட இடத்தில் எலும்பு வந்து நிரம்பும். மெல்லிசாக இருந்த உள்தோலும் தடித்து வாய்த்தோல் மாதிரி ஆகும், பிறகு கிழியாமல் எடுக்க வசதி.

தினம் இரண்டு வேளை ஊசிக் குழலில் உப்பு நீர் எடுத்து அந்தக் குழாய்க்குள் பீய்ச்ச வேண்டும். ஒன்பது மாதம் செய்தேன். தெருக்கோடியில் கடல், நான் மருந்துக் கடையில் உப்புத் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் ஊரில் இல்லை. வேலையை விட்டுவிட்டு வந்ததால் பொழுது போகாது. எங்கள் ஊர் இனிப்பான தொதல் தின்னக் கூடாது, குழாயில் ஒட்டிக்கொள்ளும். கீழக்கரையில் இருந்துகொண்டு தொதல் தின்னக் கூடாது என்றால் எப்படி? ரமலான் வந்தபோதுதான் கொஞ்சம் நிம்மதி. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிபோல மெல்லத் தேவையில்லாத உணவு வேறில்லை. பீய்ச்சுவதை மட்டும் நோன்பு திறந்த பிறகும் சஹர் முடிகிற நேரத்துக்கு முன்னும் வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மாதம் கழித்து எடுத்த படத்தில் பேரீச்சம்பழம் சுருங்கி ஒரு பட்டாணி அளவாகியிருந்தது. அப்புறம் மயக்கம் கொடுத்து மிச்சப் பையை முழுசாக எடுத்தார்கள், ஞானப்பல்லும் போனது. எலும்பில் துணுக்கு எதுவும் ஒட்டியிருந்தால் சாகட்டும் என்று ஒரு மருந்தையும் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்தார்களாம். மயக்கம் தெளிந்து உம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். சட்டை நனைந்த பிறகுதான் தெரிந்தது, கீழுதட்டின் வலது பாதி எனக்குச் சொந்தமில்லை. கிழித்தாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. ஐந்து மாதம் டீக்கடைக்குக் கைக்குட்டையோடு போனேன். பிறகு ஒருநாள் எறும்பு ஊர்வதுபோலக் குறுகுறுவென்று தொடங்கி, மெல்லத் திரும்பி வந்தது. (என்னுடையது அறுவையால் மரத்தது. ஒன்றும் செய்யாமலே யாருக்காவது உதடு மரத்தால் அது வேறு சங்கதி, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டியது.)

என் கதை இவ்வளவு சுலபமாக முடிந்ததைச் சொன்னதே மாமியின் கதையைச் சொல்வதற்காகத்தான்.

மாமிக்கு இடது தாடையில் எட்டு வருஷமாக வீக்கம் இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. வெளியே போகும்போது துப்பட்டியை இழுத்து அந்தப் பக்கக் கன்னத்தோடு பிடித்துக்கொள்வார். அது அவர் பழக்கம் என்று நினைத்திருந்தோம். வீட்டுக்குள் அவரைப் பார்த்தவர்கள் தினமும் பார்த்ததால் கவனிக்கவில்லை, அவ்வளவு மெதுவாக வளர்ந்தது. வலி கிடையாது. பல் இரண்டு ஆடியது, வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார். இதற்கும் முன்னால், பல வருஷம் முந்தி, ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு இடத்தில் "சுரண்டி எடுத்தார்கள்" என்பது அவர் நினைவு. ரிப்போர்ட் இல்லை, பெயர் இல்லை. கட்டி என்றார்கள், எடுத்தார்கள், வந்துவிட்டார். கேட்டால் மாமாவுக்குத் தெரியும் என்பார், மாமா மவுத்தாகிப் பத்து வருஷம்.

என் ஓபிஜி படத்தை வீட்டில் எல்லோரும் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த அன்றுதான் மாமி துப்பட்டியை விலக்கி, "எனக்கும் இப்படி ஒன்னு இருக்கு மருமவனே" என்றார்.

அவர் படத்தில் கறுப்பு ஒன்றாக இல்லை. சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாக, கடைவாயிலிருந்து தாடை மூலை வரை. பயாப்ஸியில் அமெலோபிளாஸ்டோமா என்று வந்தது. எனாமல் செய்யும் செல்லின் பெயரிலிருந்து வந்த பெயர். 1930ல் ஐவி, சர்ச்சில் என்ற இருவர் வைத்தது. அந்தச் சர்ச்சில் இல்லை, வேறு சர்ச்சில். பத்தில் எட்டு கீழ்த்தாடையில்தான் வரும். மைக்ரோஸ்கோப் படத்தை டாக்டர் எனக்குக் காட்டினார். ஓரத்தில் தூண் தூணாக நிற்கும் செல்கள், நடுவில் நட்சத்திரம் போலச் சிதறிய செல்கள். கருவில் பல் உருவாகும்போது இருக்கிற அதே ஏற்பாடு. எனாமல் பூச வரிசை கட்டி நிற்கிறார்கள், ஆனால் ஒரு துளி எனாமல் பூசுவதில்லை. வரிசை மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

இது பெரும்பாலும் கேன்சர் இல்லை. அபூர்வமாகத் தவிர வேறு உறுப்புக்குப் பரவாது. ஆனால் கேன்சர் இல்லை என்ற சொல்லை நம்பிச் சுரண்டி மட்டும் எடுத்தால் பாதிக்கு மேல் திரும்ப வந்துவிடும். படத்தில் தெரிகிற எல்லையைத் தாண்டி எலும்புச் சோற்றுக்குள் அது விரல் நீட்டியிருக்கும். அதனால் ஓரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை நல்ல எலும்பையும் சேர்த்து வெட்ட வேண்டும். எனக்குக் குழாய் வைத்துச் சுருக்கியது போல மாமிக்கு முடியாது. பேரைப் பொறுத்துத்தான் வைத்தியம் என்று ராமநாதபுரத்துப் பெண் டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. மாமிக்கு முதல் தடவை சுரண்டியபோது யாராவது அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்திருந்தால், அவர் எட்டு வருஷம் துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்க மாட்டார்.

வெற்றிலை போட்டதால் வந்தது என்று ஊரே மாமியைத் திட்டியது. மாமியும் தன்னையே திட்டிக்கொண்டார். வெற்றிலை பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும், அது சந்தேகமில்லாத விஷயம். ஆனால் அமெலோபிளாஸ்டோமாவுக்கும் வெற்றிலைக்கும் சம்பந்தமில்லை. 2014ல்தான் இதில் பெரும்பாலானவற்றில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரே ஒரு இடத்தில் எழுத்துப் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மெலனோமா என்கிற தோல் புற்றுநோயிலும் அதே பிழை. அதற்குச் செய்த மாத்திரைகளை இதற்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள். மாமியிடம் இதைச் சொன்னேன். "அப்ப வெத்தல போடலாமா?" என்றார். கூடாது என்றேன்.

அறுவைக்கு முன்னால் வந்த வதந்தியை மறக்க முடியாது. "காலை வெட்டி வாயில வைக்கிறாங்களாம்." பாதி உண்மை. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு உண்டு. தடித்தது பாரம் தாங்கும். வெளிப்பக்கம் இருக்கும் ஒல்லி எலும்புக்குப் பாரம் அதிகமில்லை. முழங்கால் பக்கமும் கணுக்கால் பக்கமும் கொஞ்சம் விட்டுவிட்டு நடுத்துண்டை ரத்தக் குழாயோடு எடுத்து, தாடை வளைவுக்கு ஏற்ப நறுக்கிப் பொருத்தி, அந்தக் குழாயைக் கழுத்து ரத்தக் குழாயோடு மைக்ரோஸ்கோப் வைத்துத் தைப்பார்கள். தாடைக்கு இப்படிச் செய்யலாம் என்று ஹிடால்கோ 1989ல் எழுதினார். மாமிக்கு அறுவை பொழுது விடிந்து தொடங்கிப் பொழுது சாயும்வரை நடந்தது. வெளியே ராத்தா யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். நான் கீழே கேன்டீனில் கைக்குட்டையோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மாமியின் செல்கள் வரிசை கட்டி நின்று ஒன்றும் செய்யாதவை என்றேன். இதற்கு நேர் எதிரும் உண்டு. 2019ல் சென்னையில் ஏழு வயதுப் பையன் ஒருவனின் கீழ்த்தாடையிலிருந்து ஒரு பையை எடுத்தார்கள், கிட்டத்தட்ட 200 கிராம். திறந்து எண்ணினால் 526 பல். சில கடுகு அளவு, ஆனால் ஒவ்வொன்றும் எனாமலோடு, வேரோடு, பல்லாகவே இருந்தது. பேப்பரில் எல்லாம் வந்தது. இதற்கு ஓடோன்டோமா என்று பெயர். கேட்கத்தான் பயங்கரம், இந்தக் குடும்பத்தில் ஆக சாதுவானது இதுதான். எடுத்துவிட்டால் அநேகமாகத் திரும்ப வராது. உம்மாவின் வாப்பா இருந்திருந்தால் அந்தப் பையனைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசியிருப்பார். ஒரே சிப்பியில் அத்தனை முத்து எடுத்த ஆள் எந்தப் பாரிலும் கிடையாது.

எனக்கு அறுவை நடந்து ஆறு வருஷம் ஆகிறது. கெரட்டோசிஸ்ட் திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் ஐந்து வருஷத்துக்குள் வரும், ஆனால் பத்து வருஷம் கழித்தும் வந்திருக்கிறது. அதனால் வருஷம் ஒரு படம். மாமிக்கும் அப்படித்தான். இருவருக்கும் ஒரே வாரத்தில் தேதி வாங்கிக்கொள்வோம். விடிகாலை பஸ், ஜன்னல் இருக்கை மாமிக்கு. பரமக்குடி தாண்டியதும் பையைத் திறந்து ஏதாவது தின்னக் கொடுப்பார். வெட்டிய பக்கம் இன்னும் பல் வைக்கவில்லை, வலது பக்கமாகத்தான் மெல்லுவார். லேசாகச் சாய்ந்து நடப்பார். துப்பட்டி தோளில் கிடக்கும், கன்னத்தைப் பிடித்துக்கொள்வதில்லை.

இந்தத் தடவை டாக்டர் அறையிலிருந்து நான் வெளியே வந்தபோது மாமி பெஞ்சில் தன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன் ஓட்டைக்கு என்னாங்குறாங்க?"

"அடைஞ்சிருச்சாம் மாமி. அடுத்த வருஷம் வரச் சொன்னாங்க. ஒங்களுக்கு?"

"கால் எலும்பு வாயில நல்லாப் புடிச்சிருச்சாம்" என்றார். படத்தை மடிக்காமல் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். "வா, தொதல் கொண்டாந்திருக்கேன். ஒனக்குத்தான், என்னால மெல்ல முடியாது."